கொழுந்து காத்திராது: குந்தா பள்ளத்தாக்கு கற்பிக்கும் கூட்டுறவுப் பாடம்

(அங்கத்தினர் கல்விப் பகுதி)

முத்துப்பேட்டைக் கடைமடையில் வாழும் நாம், நம் வயலுக்கு வரும் தண்ணீர் எங்கே பிறந்தது என்று அதிகமாக எண்ணிப் பார்ப்பதில்லை. குடகிலே பிறந்தது என்பதோடு நின்றுவிடுகிறோம். அது பெரும்பாலும் உண்மையே. ஆயினும் காவிரியில் கலக்கும் பவானியாற்றுக்கு நீலகிரி மலையிலிருந்து இறங்கும் குந்தா ஆறும் ஒரு துணையாறு. அம்மலையில் பெய்த மழையில் ஒரு பங்கு, வழியிலுள்ள அணைகளையும் பாசனக் கால்களையும் கடந்து, பவானி கூடுதுறையில் காவிரியோடு சேர்ந்து, கல்லணையில் வெண்ணாறாகப் பிரிந்து, நீடாமங்கலத்துக்கு அருகே கோரையாறாகவும் பாமணியாறாகவும் பிரிந்து, நம் அலையாத்திக் காட்டை அடைந்து கடலில் சேர்கிறது. ஆற்றின் தலைமாட்டிலே ஒரு மலைப் பள்ளத்தாக்கு; கால்மாட்டிலே நாம். அப்பள்ளத்தாக்கின் சிறு விவசாயிகள் கூட்டுறவின் வாயிலாகப் பெற்றதையும், இழந்ததையும், அவற்றினின்று நாம் கற்க வேண்டியதையும் இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

1. பள்ளத்தாக்கும் மக்களும்

நீலகிரியின் மேற்குப் பகுதியில் குந்தா வட்டம் அமைந்துள்ளது. மஞ்சூர் அதன் முக்கிய ஊர். கீழ்குந்தா, மேல்குந்தா, பிக்கட்டி, கிண்ணக்கொரை முதலிய ஊர்கள் சரிவுகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்தவை. சரிவில் தேயிலை, அதற்குக் கீழே ஆறு, மேலே சோலைக்காடு. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் அங்கே பெய்யும். மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழுந்து இளந்தளிரைக் கருக்கிவிடுவதும் உண்டு.

அங்குள்ள குடியானவர்களில் பெரும்பாலோர் படகர்கள். அவர்கள் தங்கள் நாட்டை நான்கு சீமைகளாக வகுத்துள்ளனர். அவற்றுள் குந்தையும் ஒன்று. அவர்களுடைய ஊர்களை 'ஹட்டி' என்பர். வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள், நடுவே ஊர்ப் பொது இடம், ஊர்ப் பெரியவர்களின் கூட்டம் என்னும் ஏற்பாடு பழமையானது. 1964ஆம் ஆண்டின் இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பலவும் நீலகிரி மலையில் குடியேறின. அவர்களுக்கு வேலை அளிக்கும் பொருட்டே 1968இல் அரசு தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கப்பெற்றது. கொழுந்து பறிக்கும் கைகளில் அவர்களுடைய கைகளும் சேர்ந்தவை.

நமது ஊரில் வேலி நிலம் உடையவரைப் பற்றிப் பேசுவதுண்டு. அங்கே அத்தகைய பேச்சுக்கு இடமில்லை. சட்டப்படி 10.12 ஹெக்டேர், அதாவது 25 ஏக்கர் வரை தேயிலை உடையவர் சிறு விவசாயி எனப்படுவார். ஆனால் நீலகிரிச் சிறு விவசாயிகளில் பெரும்பாலோரிடம் இரண்டரை ஏக்கருக்கும் குறைந்த நிலமே உண்டு.

2. கிழங்கிலிருந்து தேயிலைக்கு

இம்மக்கள் ஆதியில் தேயிலைக்காரர்கள் அல்லர். ராகி, சாமை முதலிய தானியங்களைப் பயிரிட்டு உண்டவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் மலையேறிய பின்னர் உருளைக்கிழங்கு வந்தது. காலப்போக்கில் அதுவே ரொக்கம் தரும் முதற்பயிராயிற்று. 1961ஆம் ஆண்டில் உதகமண்டலப் பகுதியில் கிழங்குச் செடியின் வேரைத் தாக்கும் நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. கண்ணுக்குப் புலப்படாத இப்புழுவின் முட்டைக்கூடுகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும்; விதைக்கிழங்கில் ஒட்டிய மண்ணோடு ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் பரவும். அழுகல் நோயும் மழைக்காலந்தோறும் கிழங்கைப் பதம் பார்த்தது. இவ்வாறு கிழங்கை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து என்பதை மக்கள் உணர்ந்த அதே காலத்தில், தேயிலை அவர்களுக்கு நிலையான வழியாகத் தோன்றியது.

தேயிலை நட்டால் மூன்றாண்டு காலமேனும் பொறுக்க வேண்டும். பின்னர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலும் பயன் தரும். நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து செய்ய வேண்டும். கவாத்து செய்த சில மாதங்கள் அத்தோட்டத்தில் வருமானம் இராது. ஆண்டு முழுதும் பத்து, பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை கொழுந்து எடுக்கலாம். நமக்குக் குறுவை அல்லது சம்பா அறுவடையில் பணம் ஒரேயடியாக வருகிறது. அவர்களுக்கு அது சிறுகச் சிறுக ஆண்டு முழுவதும் வருகிறது.

3. கொழுந்தின் இயல்பு

இப்பாடத்தின் உயிர்நிலை கொழுந்தின் இயல்பில்தான் அமைந்திருக்கிறது. நெல்லை அறுத்துக் காயவைத்துப் பத்தாயத்தில் போட்டால், விலை வரும்வரை ஓரளவு காத்திருக்கலாம். நெய்த சேலையை மடித்துப் பெட்டியில் வைக்கலாம். ஆனால் பறித்த கொழுந்து காத்திராது. காலையில் பறித்தது அன்றைய தினமே தொழிற்சாலையை அடைய வேண்டும். சாக்கில் அழுத்தி அடைத்து வெயிலில் வைத்தால் உள்ளே சூடேறிச் சிவந்து கெட்டுவிடும்.

தொழிற்சாலையில் நடப்பதைச் சுருக்கமாக அறிவோம். முதலில் கொழுந்தைத் தொட்டிகளில் பரப்பிக் காற்றுச் செலுத்தி, ஏறக்குறைய ஓர் இரவு முழுதும் வாட்டுவர். பின்னர் இயந்திரத்தில் நறுக்கி நெரித்துச் சுருட்டுவர், இதற்குரிய சி.டி.சி. இயந்திரம் 1930ஆம் ஆண்டையொட்டி அஸ்ஸாமில் உருவாயிற்று. அதன்பின் காற்றுப்படப் பரப்பிப் புளிக்க வைப்பர். பச்சை நிறம் செம்பு நிறமாக மாறும். அதற்குப் பிறகு சூடான காற்றில் உலர்த்தி, சலித்துத் தரம் பிரித்து மூட்டை கட்டுவர். நாலு கிலோவுக்குச் சற்று அதிகமான பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தூள் கிடைக்கும்.

இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறித்தால் நல்ல தூள் கிடைக்கும். எடை கூட வேண்டும் என்று முற்றிய இலையையும் காம்பையும் சேர்த்துப் பறித்தால் தூளின் தரம் தாழும். ஒருவர் மூட்டையில் வந்த முற்றிய இலை மற்ற நூறு பேருடைய கொழுந்தோடு ஒரே தொட்டியில் கலக்கிறது. அதனால் வரும் விலைக்குறைவை நூறு பேரும் சுமக்கிறார்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிய நெல்லைக் கொண்டுபோய் வாதாடுகிறவர்களும், சங்கத்துக்கு இழை குறைத்து நெய்து கொடுக்கிறவர்களும் நம்மிடையே இல்லாமலில்லை. அவர்கள் இதைச் சற்றே எண்ணிப் பார்ப்பார்களாக.

4. சங்கத் தொழிற்சாலை

தொழிற்சாலையோ பெரும் முதல் தேவைப்படுவது. ஓர் ஏக்கர் குடியானவரால் ஆகக்கூடியதன்று. ஆகவே தொடக்க காலத்தில் சிறு விவசாயி தம் கொழுந்தைப் பெரிய தோட்டத்தாருக்கோ, தனியார் ஆலைக்கோ, அவர்களுடைய தரகருக்கோ கொடுக்க வேண்டியிருந்தது. மாலைக்குள் கெட்டுப்போகும் சரக்கை வைத்துக்கொண்டு பேரம் பேச முடியுமா? வாங்குபவர் சொன்னதே விலை. அவர் தராசே தராசு.

இந்நிலையை மாற்ற விவசாயிகள் தாமே தொழிற்சாலைக்கு உடைமையாளர்களாவது ஒன்றே வழியாயிற்று. 1962ஆம் ஆண்டில் குந்தா தொழில் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை தோன்றியது. நீலகிரியில் இவ்வகையில் இதுவே முதலாவது. 1963இல் குன்னூரில் தேயிலை ஏல மையம் தொடங்கப்பெற்றது. 1965இல் இத்தகைய தொழிற்சாலைகளுக்கெல்லாம் தலைமை இணையமாக இன்ட்கோசர்வ் அமைந்தது. மஞ்சூர், பிக்கட்டி, கிண்ணக்கொரை, இத்தலார், நஞ்சநாடு, கட்டபெட்டு, பந்தலூர் எனச் சங்கத் தொழிற்சாலைகள் பெருகிப் பதினாறாயின. இவற்றில் விளையும் தூளில் ஒரு பகுதி 'ஊட்டி டீ' என்னும் பெயரில் நியாய விலைக் கடைகள் வாயிலாகவும் விற்பனையாகிறது. நம்மில் பலர் காலையில் அருந்தும் தேநீர் அச்சங்கங்களின் தூளாக இருக்கக்கூடும்.

அதே காலத்தில்தான் அப்பள்ளத்தாக்கில் கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா நாட்டின் உதவியோடு குந்தா நீர்மின் திட்டம் எழுந்து, 1960ஆம் ஆண்டையொட்டி மின்சாரம் பிறக்கத் தொடங்கியது. அணையைக் கட்டியது அரசாங்கம். சங்கத்தைக் கட்டியவர்களோ பங்குத் தொகை செலுத்திய குடியானவர்கள். அரசின் கடனும் மேற்பார்வையும் அவர்களுக்குத் துணை நின்றன என்பதையும் மறைக்கலாகாது.

5. ஒரு ரூபாய்க் கணக்கு

இப்போது பாடத்தின் மையத்துக்கு வருகிறோம். சங்கத் தொழிற்சாலை வந்த பின்னும் தரகர் மறைந்துவிடவில்லை. அவர் தோட்டத்து வாசலுக்கே வண்டி கொண்டுவந்து, ரொக்கம் கொடுத்து, சங்கத்தைவிட ஒரு ரூபாய் அதிகம் தருவதாகச் சொல்கிறார். அங்கத்தினர் என்ன செய்வது? "என் கொழுந்து, என் உரிமை, அதிக விலைக்கு விற்பதில் என்ன தவறு?" என்று கேட்பவர் உண்டு. கேள்வி நியாயமானதே. அதற்குக் கணக்கினால் விடை காண்போம். கீழே தரும் எண்கள் விளக்கத்துக்காக நாமே வைத்துக்கொண்டவை.

ஒரு சங்கத்தில் 1,000 அங்கத்தினர்; ஒவ்வொருவரும் மாதம் 100 கிலோ கொழுந்து தருகின்றனர். மொத்தம் 1,00,000 கிலோ. தூளை விற்று, விறகு, மூட்டை, லாரிச் செலவு முதலியன போக, ஒரு கிலோ கொழுந்துக்கு 20 ரூபாய் கிடைக்கிறது. இயந்திரத் தேய்மானம், நிரந்தர ஊழியர் சம்பளம், கடன் வட்டி ஆகியவை மாதம் 4,00,000 ரூபாய். கொழுந்து வந்தாலும் வராவிட்டாலும் இச்செலவு குறையாது. கிலோவுக்கு 4 ரூபாய் இதற்குப் போக, அங்கத்தினருக்கு 16 ரூபாய் கிடைக்கும். தரகர் 17 ரூபாய் தருகிறார்.

அங்கத்தினரில் பாதிப்பேர் தரகரிடம் போகின்றனர். சங்கத்துக்கு வருவது 50,000 கிலோ. நிரந்தரச் செலவோ அதே 4,00,000. கிலோவுக்கு 8 ரூபாய் ஆகிறது. சங்கம் கொடுக்கக் கூடியது 12 ரூபாய்தான். உடனே ஊரில் என்ன பேச்சு எழும்? "சங்கம் 12தான் கொடுக்கிறது, நிர்வாகம் சரியில்லை" என்பார்கள். தரகர் இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். இனி அவர் 17 கொடுக்க வேண்டிய அவசியம் என்ன? 13 கொடுத்தாலே போதும். அப்போதும் அது சங்கத்தைவிட ஒரு ரூபாய் அதிகம்தான்!

இதைக் கூர்ந்து நோக்குக. 17 ரூபாய்க்கு ஆசைப்பட்டுப் போனவர் இன்று 13 பெறுகிறார். சங்கத்தோடு நின்றவர் 12 பெறுகிறார். யாவரும் ஒன்றாக நின்றிருந்தால் யாவரும் 16 பெற்றிருப்பர். தரகரின் விலைக்கு அளவுகோலாக இருந்தது சங்கத்தின் விலையே. அளவுகோலை நாமே வெட்டிக் குறைத்தோம். சங்கத்துக்கு ஒருநாளும் சரக்குப் போடாத அயலாருக்குங்கூட, அச்சங்கம் இருப்பதனாலேயே நல்ல விலை கிடைத்துவந்தது. சங்கம் மூடப்பட்ட பிறகே அதன் மதிப்பு அவர்களுக்குத் தெரியும்.

6. சங்கத்தின் கடமை

இவ்வளவும் சொல்லிக் குற்றம் முழுவதையும் அங்கத்தினர் தலையில் சுமத்தி முடித்தால் அது அரைப் பாடமே ஆகும். தரகரிடம் போனவர் ஏன் போனார்? பேராசையினால் மட்டுமா? நாளைக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட வேண்டும். பறித்தவருக்குக் கூலி கொடுக்க வேண்டும். மருந்துக் கடையில் பாக்கி இருக்கிறது. கொழுந்து காத்திராதது போலவே, அதை நம்பிய குடும்பமும் காத்திராது. சங்கத்தில் பணம் வரத் தாமதமாகும்போது, அதிக விலை அல்ல, உடனே கிடைக்கும் ரொக்கமே அவரை இழுக்கிறது. நீலகிரிச் சங்கங்களைப் பற்றி விவசாயிகள் அடிக்கடி எழுப்பிவந்த குறையும் கொழுந்துப் பணம் தாமதமாவதே ஆகும்.

ஆகவே விசுவாசம் என்பது ஒரு பக்கத்துக் கடமை அன்று. சங்கம் மூன்று காரியங்களில் தவறாமல் இருத்தல் வேண்டும். முதலாவது, சரியான எடை. மூட்டைக்கு இவ்வளவு என்று கண்மூடிக் கழிக்கும் வழக்கம் கூடாது. இரண்டாவது, குறித்த தேதியில் பணம். மூன்றாவது, அங்கத்தினர் எவரும் கேட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு. 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கடை திறந்த 28 முன்னோடிகளுள் நெசவாளர்களும் இருந்தனர் என்பதை நம் நெசவாள அன்பர்கள் பெருமையோடு நினைவுகூரலாம். அவர்கள் வகுத்த விதிகளில் சரியான அளவும், கலப்படமற்ற சரக்கும், ரொக்க வியாபாரமும் முக்கியமானவை.

தாமதத்துக்கு மாற்று வழி உண்டா? உண்டு. ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டு மலைச் சிறு விவசாயிகளின் ஏற்பாட்டைப் பார்க்கலாம். அங்கே 1964இல் தொடங்கிய தேயிலை வளர்ச்சி நிறுவனத்தின்கீழ், கொழுந்துக்கு மாதந்தோறும் ஒரு முதல் தொகை கொடுக்கப்படுகிறது. தூள் விற்று ஆண்டுக் கணக்கு முடிந்தபின், மிகுந்ததை இரண்டாம் தொகையாகப் பகிர்ந்தளிக்கின்றனர். முதல் தொகை குடும்பம் நடத்த. இரண்டாம் தொகை கடன் தீர்க்க, கூரை மாற்ற, பிள்ளையைப் படிக்கவைக்க. அங்கும் தகராறுகள் இல்லாமலில்லை. எனினும் 'இன்று கொஞ்சம், கணக்கு முடிந்தபின் மீதி' என்னும் முறை, தரகரின் ரொக்கத்துக்கு நேரான விடையாகும்.

7. விலை வீழ்ந்த ஆண்டுகள்

சங்கம் இருந்தால் எல்லாத் துன்பமும் தீர்ந்துவிடும் என்று கூறுவது பொய்யாகும். தென்னிந்தியத் தூளுக்குச் சோவியத் நாடு பெரிய சந்தையாக இருந்தது. 1991இல் அந்நாடு பிரிந்தது. 1998இல் ருஷ்யாவின் நாணய மதிப்புச் சரிந்தது. எங்கோ ஒரு நாட்டின் நாணயம் விழ, குந்தா பள்ளத்தாக்கில் கொழுந்து விலை விழுந்தது. 2000ஆம் ஆண்டையொட்டி நீலகிரி விவசாயிகள் நியாய விலை கேட்டு வீதிக்கு வந்து போராட வேண்டியதாயிற்று. ஆலையில் விற்ற தொகையைக் கொழுந்து தந்தவருக்கும் ஆலைக்கும் பங்கிடும் முறைக்கு 2003ஆம் ஆண்டின் தேயிலை விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணை வழிசெய்தது. அதன் பின்னும் விலைப் போராட்டம் ஓயவில்லை.

இங்கே இன்னொரு பாடம் மறைந்துள்ளது. கிழங்கு ஒன்றையே நம்பியவர்கள் நூற்புழுவினால் அடிபட்டார்கள். தேயிலை ஒன்றையே நம்பியவர்கள் சந்தையினால் அடிபட்டார்கள். ஒரே தூணில் வீட்டின் முழுப் பாரத்தையும் சாய்த்தால், தூணைக் கரையான் அரித்தாலும் இடி விழுந்தாலும் விளைவு ஒன்றே. 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் நம் பகுதியைத் தாக்கி, முப்பது நாற்பது ஆண்டுத் தென்னைகளை ஒரே இரவில் சாய்த்ததை நாம் மறக்க முடியுமா? தென்னையோடு ஆடு மாடும், ஊடுபயிரும், சங்கத்தில் சிறு சேமிப்பும் வைத்திருந்தவருக்கும், தென்னை ஒன்றையே வைத்திருந்தவருக்கும் அவ்விரவுக்குப் பின் இருந்த வேறுபாட்டை நாம் கண்ணாரக் கண்டோம்.

8. நமக்குரிய முடிபு

மலையும் கடலோரமும் வெவ்வேறு. தேயிலையும் நெல்லும் வெவ்வேறு. ஆயினும் சங்கத்தின் தர்மம் ஒன்றே. நூலைச் சங்கத்தில் வாங்கி, சேலையை வெளியே விற்கும் நெசவாளரும், உரத்தைச் சங்கக் கடனில் வாங்கி, நெல்லைக் களத்து மேட்டிலேயே வியாபாரிக்கு அளக்கும் விவசாயியும், அன்றைய ஒரு ரூபாயைப் பார்க்கிறார்கள். அடுத்த ஆண்டின் நாலு ரூபாயைப் பார்ப்பதில்லை. அவ்வாறே, பட்டுவாடாவை நாள் கடத்தும் சங்க நிர்வாகமும், தன் அங்கத்தினரைத் தானே வியாபாரி வாசலுக்கு அனுப்பிவைக்கிறது. இரு தரப்பாரும் தத்தம் கடமையை ஒருங்கே செய்தாலன்றிச் சங்கம் நிற்காது. ஒரு தரப்பு முதலில் திருந்தட்டும் என்று மற்றொரு தரப்பு காத்திருக்குமானால், வண்டியோடு வாசலில் நிற்பவருக்கே ஆதாயம்.

பொதுக்குழுவிலே மலர்மாலைக்கும் தீர்மானத்துக்கும் செலவிடும் நேரத்தில் பாதியையேனும் கணக்கைப் பார்ப்பதில் செலவிடுவோம். நம் சங்கத்தின் நிரந்தரச் செலவு எவ்வளவு, அது எத்தனை மூட்டைகள்மீது அல்லது எத்தனை சேலைகள்மீது பங்காகிறது என்பதை ஒவ்வோர் அங்கத்தினரும் அறிந்திருந்தால், தரகரின் ஒரு ரூபாயை எடைபோட வேறு தராசு வேண்டியதில்லை.

படிப்பு வட்டத்தில் கலந்தாராய வேண்டிய வினாக்கள்

(1) சென்ற பருவத்தில் நம் விளைச்சலில் அல்லது நெசவில் எத்தனை பங்கு சங்கத்துக்கு வந்தது? மீதி எங்கே போனது? ஏன்?

(2) மேற்கண்ட கணக்கில் பத்தில் ஒரு பங்கு அங்கத்தினர் மட்டும் விலகினால், நிற்பவர்களுக்குக் கிலோவுக்கு எவ்வளவு குறையும்? (விடை: சுமார் 44 காசு. போட்டுப் பார்த்து உறுதி செய்துகொள்க.)

(3) நம் சங்கத்தில் பணப் பட்டுவாடா சராசரி எத்தனை நாளில் நடைபெறுகிறது? முதல் தொகை, இரண்டாம் தொகை என்னும் முறையை மேற்கொள்ள எவ்வளவு சுழல்நிதி தேவைப்படும்?

(4) தரக்குறைவான சரக்கைக் கொண்டுவருபவரிடம் சங்கம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும்? உறவினராயின் எவ்வாறு?

(5) நம் குடும்ப வருமானம் எத்தனை தூண்கள்மீது நிற்கிறது?